பதினாலு பிடி அரிசி

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்த வாரத்தில் மாமியார் போன் செய்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், முதல் சோறு ஊட்டும் அரிசி நடையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்டார் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அது கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். சரிங்க அத்தை என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அன்று முழுக்க குவார்ட்டர்ஸ் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மகள் மூன்று வாரம் முந்திப் பிறந்தவள். எடை குறைவு. ஆறு மாதத்தில் ஓரளவு தேறியிருந்தாள் என்றாலும், அவள் தூங்கும்போது மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை. முதல் சோறு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். ஒரே ஒரு தானியம், நன்றாகக் குழைத்து, முதல் நாள் இரண்டு ஸ்பூன். 'ஒரே ஒரு' என்பதன் கீழ் நானே கோடு போட்டிருந்தேன். அரிசி நடை என்றால் குழந்தையோடு வீடு வீடாக நடந்து வாங்கும், பதினாலு வீட்டின் பதினாலு பிடி அரிசி. ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, யார் வீட்டிலாவது போன வருடத்துப் பழைய அரிசி. எல்லாம் ஒரே பானையில்.

என் கணவரின் ஊருக்கு உண்மையில் பெயர் கிடையாது. பத்திரத்தில் பக்கத்துக் கிராமத்தின் பெயர்தான் இருக்கும். பஸ் கண்டக்டர்கள் "பதிமூணு வூடு எறங்கு" என்பார்கள்; அதுவே பெயராகிவிட்டது. நெய்வேலிச் சுரங்கம் விரிந்துகொண்டு வந்தபோது ஊரை எடுத்து, டவுன்ஷிப்புக்கு வெளியே, மண்மேடு தெரிகிற தூரத்தில் இரண்டு தெருவாக மனை கொடுத்தார்கள். மனைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் ஒதுக்கினார்கள். அதனால் பழைய ஊரில் அடுத்தடுத்து இருந்தவர்கள் இங்கே தெருவுக்கொருவராகப் போய்விட்டார்கள். பஸ் நிறுத்தத்தின் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அந்தப் பெயரில் ஒரு வீடு குறைகிறது. ஊரில் இருந்தது பதினாலு வீடு. கடைசியாக வந்த பதினாலாவது வீடு, பெயர் நிலைத்துவிட்ட பிறகு வந்தது. அந்த வீட்டை யாரும் ஒதுக்கவில்லை; சும்மா சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அது ஒரு வீடாகக் கணக்கில் வருவது அரிசி நடையில் மட்டும்தான். ஏனென்றால் பதிமூன்று வீட்டு அரிசியும் அங்கேதான் போய்ச் சேரும், அந்த வீட்டு அடுப்பில்தான் வேகும், அந்த வீட்டுக்காரிதான் குழந்தைக்கு முதல் வாய் ஊட்டுவார்.

"ஒம்பது வருஷமாச்சி நடை நடந்து," என்றார் மாமியார் போனில். "எல்லாரும் மெட்ராஸ்ல, குவார்ட்டர்ஸ்ல, ஓட்டல் ஹால்ல ஊட்டிக்கினாங்க. நீயும் அப்பிடியே விட்டியானா இத்தோட போச்சி. கடைசி வூட்டுக்காரி புது அடுப்பு போட்டுக்கினு ஒக்காந்திருக்கா."

பிறகு நடக்க வேண்டிய வீட்டு வரிசையை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

என் கணவர் அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். அந்த ஞாயிறு அவருக்குக் காலை ஷிஃப்ட். பயமாக இருக்கிறது என்றேன். தானும் அந்தச் சோற்றைத்தான் முதலில் தின்றதாகவும், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

சனிக்கிழமை நான் இரண்டு காரியம் செய்தேன். இரண்டுமே குழந்தைக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன்.

முதலாவது, மாமியார் போனில் சொன்ன வீட்டு வரிசையை டைரியில் எழுதிப் பார்த்தேன். முதல் வீடு மேலத்தெருவின் கோடியில், இரண்டாவது கீழத்தெருவின் நடுவில், மூன்றாவது மறுபடி மேலத்தெரு. படம் போட்டுக் கோடு இழுத்தால் குழந்தை கிறுக்கினது போல இருந்தது. அந்த வெயிலில் ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை தெரு மாறுவது? அதே பதினாலு வீடுதானே, கதவு எண் வரிசையில் போனால் முக்கால் மணி நேரத்தில் முடியும். புதிய பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டேன். அழகாக ஒரே நேர்கோடாக வந்தது.

இரண்டாவது, நல்ல அரிசியாகப் பார்த்து எடுத்து, மூன்று தண்ணீர் கழுவி, துணியில் உலர்த்தி, வறுத்து, மிக்ஸியில் அரைத்து, இரண்டு முறை சலித்து, வெந்நீரில் கொதிக்க வைத்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடினேன். அதை டயபர் பையின் அடியில் வைத்தேன். கடைசி வீட்டில் கொஞ்சம் வெந்நீர் கேட்டு, யாருக்கும் தெரியாமல் கிண்ணத்தை மாற்றிவிடலாம் என்பது திட்டம். இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது.

ஞாயிறு பூசை முடிந்து, சாமியார் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் புறப்பட்டார். மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் அவர் கடைசி வீட்டுக்கு நேரே வருவதாக ஏற்பாடு. என்னோடு நடக்க வந்தது நாத்தனார். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வடலூரில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் புதுப் பானை, மறு கையில் குடை. வரிசையை அவள் சரியாக அறியாள். கடைசி நடையின்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறாள். என் பட்டியலைப் பார்த்து, "அண்ணி படிச்சவங்க," என்றாள். அது பாராட்டா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

கதவு எண் ஒன்று, இரண்டு தெருவும் சேரும் முனையில் இருந்தது. வாசல் பெருக்கிச் சாணம் தெளித்திருந்தது; ஓரமாகப் புது மண் அடுப்பு ஈரம் காய்ந்து வெளுத்திருந்தது. அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஐம்பது வயது மதிக்கத்தக்க, கட்டையான, சுறுசுறுப்பான ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். டவுன்ஷிப்பில் காண்ட்ராக்டில் தோட்ட வேலை செய்பவர். என் கணவர் அவரைச் சித்தி என்பார். எனக்கு அத்தை முறை. குலுக்கலில் கடைசி வீட்டுக்கு விழுந்தது முதல் மனை.

"என்னா அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றார்.

இல்லைங்க அத்தை, உங்கள் வீட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம் என்று சொல்லி, பட்டியலையும் காட்டினேன். அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"கடைசி வூட்ல வந்து மொதல்ல நிக்கிறீங்களே. எனக்கு முன்னாடி பதிமூணு பேரு வந்தாங்களே, அவங்கள எங்க வெச்சிட்டு வந்தீங்க?"

அவர் அரிசி தரவில்லை. கோபமும் படவில்லை. போய் வாங்க என்று கையை ஆட்டிவிட்டு விறகு பொறுக்கப் போய்விட்டார். இங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டியல் கையில் இருந்தது. இரண்டாவது கதவைத் தட்டினோம். அது ஒன்பதாவது வீடு. அங்கிருந்த அக்கா பிடி அரிசியோடு வாசல்வரை வந்து, எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, எட்டாவது வீட்டுக்காரர்கள் எங்கே என்று கேட்டார். மூன்றாவது கதவு, நாலாவது வீடு. அங்கே மூன்றாவது வீட்டுக்காரர்களைக் கேட்டார்கள். அப்போதுதான் முழு விஷயமும் எங்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் பிடியைப் பானையில் போட்டுவிட்டுக் குழந்தையோடு அடுத்த வீடுவரை வந்து, அங்கே ஒப்படைக்க வேண்டும். முன் வீட்டுக்காரர் கொண்டுவந்து விடாத குழந்தைக்கு அரிசி போடக் கூடாது. யார் யாருக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தார்களோ அந்த வரிசைதான் நடை.

நாத்தனார் குடையை மடக்கிவிட்டு நடுத்தெருவில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தாள். "அண்ணி, நம்ம ஊரையே நீங்க தலகீழா நிக்க வெச்சிட்டீங்க." எனக்கு அழுகை வரும் போல இருந்தது. டைரியைத் திருப்பி, மாமியார் சொன்ன பழைய கிறுக்கல் படத்தை எடுத்தேன். மேலத்தெருவின் கோடிக்கு நடந்தோம்.

முதல் வீட்டில் ஒரு பெரியவர், காது கொஞ்சம் மந்தம். அவருடைய அப்பா முந்திரித் தோப்புக்குக் காவல் பார்க்க வந்தவர். குடிசை போட்டுத் தங்கினார். தோப்புக்காரர் கூலிக்குப் பதில் குடிசை நின்ற இடத்தையே கொடுத்துவிட்டார். ஊர் அதுதான். பெரியவர் அரிசியைப் பானையில் போட்டு, தடியை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் நடந்தார். இரண்டாவது வீடு காவல்காரர் மனைவியின் தம்பியுடையது. மாதா கோயில் திருவிழா பார்க்க அக்காள் வீட்டுக்கு வந்தவர், அடுத்த திருவிழாவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாராம். இதை அவருடைய மருமகளே சொல்லி, "எங்கூட்டு ஆம்பளைங்க எல்லாருமே அப்பிடித்தான், ஒக்காந்தா எழுந்துக்க மாட்டாங்க," என்றார்.

நடக்க நடக்கக் கூட்டம் பெருகியது. ஒவ்வொரு வாசலிலும் அரிசி விழும் முன் அந்த வீடு எப்படி வந்தது என்று ஒரு வரி சொல்ல வேண்டும் என்பது யார் வகுத்த வழக்கமோ தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் மற்றவர்கள் விடுவதில்லை. ஐந்தாவது வீட்டின் தாத்தா குள்ளஞ்சாவடிச் சந்தைக்குப் போன வண்டிக்காரர். இங்கே வண்டியின் அச்சு முறிந்தது. புது அச்சு செய்து முடிக்கும்வரை மரத்தடியில் இருந்தார். அச்சு தயாரானபோது அவருக்கு இங்கே ஒரு வீடும் இரண்டு ஆடும் இருந்தன. ஏழாவது வீட்டுக்காரர் கம்மாபுரத்தில் அண்ணனோடு பாகப் பிரிவினையில் சண்டை போட்டு, தன் பங்காக வாசல் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர். முதலில் கதவை நட்டார். பிறகு அதற்குப் பின்னால் வீட்டைக் கட்டினார். அந்தக் கதவு இப்போதும் இருக்கிறது. புது மனைக்கு வந்தபோதும் அவர்கள் முதலில் கொண்டுவந்தது அதைத்தான். காங்கிரீட் வீட்டில் அந்தக் குட்டைக் கதவு மட்டும் தலையைக் குனியச் சொல்கிறது. பெரியவர் தலையைக் குனியாமல் இடித்துக்கொண்டார். ஒவ்வொரு நடையிலும் இடித்துக்கொள்வாராம்.

ஒன்பதாவது வீடு கிணறு வெட்ட வந்தவருடையது. தண்ணீர் இனிப்பாக வரவும், வெட்டினவனே குடிக்காமல் போவதா என்று தங்கிவிட்டார். பதினோராவது எங்கள் மாமியார் வீடு; அங்கே அரிசியைப் போட்டதும் வரியைச் சொன்னதும் நாத்தனார்தான். பதிமூன்றாவது வீடு, ஜெபம் சொல்லிக் கொடுக்க வந்த உபதேசியாருடையது. அவர்தான் பழைய ஊரில் மாதா சிலைக்குக் குகை போலக் கெபி கட்டினவர்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவள். மூன்று வருடமும் அரசர்களையும் போர்களையும் வரிசையாக மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். யாரோ ஒருவர் தலையில் கதவோடு வந்தது எந்த விடைத்தாளிலும் இல்லை. குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு நடந்துகொண்டே டைரியில் எழுத ஆரம்பித்தேன். வேகமாக எழுதினதில் பாதி இப்போது எனக்கே படிக்க முடியவில்லை.

தெரு மாறும்போதெல்லாம் முனை வீட்டைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. பதினாலாவது வீட்டு அத்தை ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, "எத்தினி ஆச்சி?" என்று கேட்பார். ஒன்று என்போம். அடுத்த முறை இரண்டு. அப்புறம் நாலு. கூட்டமே சேர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு என் மகள் அந்த வாசல் நெருங்கும் முன்பே கால்களை உதைத்துக்கொண்டு சிரித்தாள். வெயில் அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் தலைக்கு மேல் ஒரு குடை இல்லை, ஏழு குடை இருந்தன. பொடிக் குழந்தையைப் பத்து இடுப்பு மாற்றி மாற்றிச் சுமந்தன. நான் தொடக்கூட முறை வரவில்லை. கையை வீசிக்கொண்டு நடந்தேன். பிள்ளை பெற்ற பிறகு அப்படி நடந்தது அன்றுதான்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும் முன் பதினாலாவது வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உபதேசியாரின் பேரன் குழந்தையை ஒப்படைத்தார். அத்தை தன் பிடி அரிசியைப் போட்டுவிட்டு, ஊர் முழுக்கத் தன் வாசலில் நிற்பதை ஒருமுறை பார்த்தார்.

"எங்க வூடு வெள்ளாத்துல போச்சி," என்று தன் வரியைச் சொன்னார். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஆற்றோரம் குடிசை. வெள்ளம் வந்த இரவில் கைக்குழந்தையும் கணவருமாகக் கிளம்பி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்து, பகலில் பழைய ஊர்க் கெபியின் கூரைக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். மழைக்காலம், யார் வீட்டிலும் அதிகம் இல்லை. ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்தார்கள். அவர் மகனுக்கு அன்று சரியாக ஆறு மாதம். மூன்று கல் கூட்டி, அந்தப் பதிமூன்று பிடியை வேகவைத்து, முதல் வாயை மகனுக்கு ஊட்டிவிட்டு, மீதியை அங்கே நின்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். அடுத்த வருடம் இரண்டாவது வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தபோது, உன் கையால் வேகவைத்துக் கொடு என்று அவர்களே அரிசியோடு வந்தார்கள்.

எனக்கு வியப்பாக இருந்தது. தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று நான் நினைத்திருந்தது முப்பது வருடம்கூட ஆகாத வழக்கம். அதைத் தொடங்கினவர் என் எதிரில் ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளாற்றின் கரையில்தான் நானும் பிறந்தேன்.

பானை கொதித்தது. நான் எட்டிப் பார்த்தேன். சில பருக்கைகள் மலர்ந்திருந்தன, சில இன்னும் கொட்டை போல இருந்தன. ரேஷன் அரிசி ஒரு வேகம், பொன்னி ஒரு வேகம். டாக்டரின் தாள் கண் முன்னால் வந்து நின்றது. எல்லோரும் பேச்சில் இருந்தபோது மெல்ல அத்தையின் பக்கத்தில் போய், கொஞ்சம் வெந்நீர் வேண்டும் என்றேன்.

"எதுக்கு வெந்நீ?"

பாட்டில் கழுவ என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதல்ல. சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும். பையைத் திறந்து மாவுப் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். குழந்தை எடை குறைவாகப் பிறந்ததையும், டாக்டர் சொன்னதையும், நான் மாற்றி ஊட்ட நினைத்ததையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் குரல் எனக்குத் தெரியாமலே உயர்ந்துவிட்டது போலும். வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்பது வருடம் கழித்து வந்த நடை. அதன் கடைசி வாயை நான் பறிக்கப் பார்த்திருக்கிறேன் என்பது எல்லோர் முன்னாலும் அந்தப் பாட்டிலாக நின்றது.

அத்தை பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தார். கொஞ்சம் எடுத்து விரலுக்கிடையில் தேய்த்தார்.

"நல்லாத்தான் வறுத்துக்கிற. இது யாரு வூட்டு அரிசி? உங்க அம்மா வூட்டுதா?"

"இல்லீங்க அத்தை. குவார்ட்டர்ஸ்ல நான் வறுத்தது."

"அப்ப உங்கூட்டு அரிசி." அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "பதினஞ்சி."

யாருக்கும் புரியவில்லை. அத்தை மாவில் ஒரு பிடி அள்ளி, குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற பானையில் ஊற்றினார். முதல் வீட்டுப் பெரியவர் தடியைத் தரையில் தட்டி, வழக்கம் பதினாலுதான், அதற்கு மேல் சேர்க்கக் கூடாது என்றார்.

"வழக்கம் நான் வந்ததுலேந்துதான மாமா. நீங்க வந்தப்ப ஏது?" என்றார் அத்தை. பெரியவர் காதில் விழாதது போல் தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அத்தை பானையைத் துழாவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எனக்கு அப்புறம் ஒரு வூடு வரும்னு முப்பது வருஷமா வாசலப் பாத்துக்கினே இருக்கன். ஒருத்தரும் வரல. கடைசி வூடு, கடைசி வூடுன்னு கௌரவமாத்தான் சொல்றீங்க. கடைசின்னா அதோட முடிஞ்சி போச்சின்னு அர்த்தமா, என்னா?"

மாமியார் நிமிர்ந்தார். நாத்தனார் சிரிக்கவில்லை.

மாவு சேர்ந்ததும் பானையில் எல்லாம் ஒன்றாகக் கூடிக் குழைந்து வந்தது. அத்தை அதை மத்தால் கடைந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினார். என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை வடிகட்டினார். "பாத்துக்கோ," என்று ஸ்பூனை நீட்டினார். நான் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சூடு சரியாக இருந்தது. கட்டி எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் ஒருமுறை பார்த்தேன்.

முதல் வாயை மகள் துப்பினாள். இரண்டாவதை வாயிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். மூன்றாவதுக்கு அவளே வாயைத் திறந்தாள். திறந்தது மட்டுமல்ல, ஸ்பூனைப் பிடித்து இழுத்தாள். வாசலே கை தட்டியது. ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்த என் கணவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தபோது அவள் மூக்குவரை கஞ்சி பூசியிருந்தது. "நம்ம கேண்டீன்ல சேத்து வுட்டுரலாம்," என்றார். எத்தனை ஸ்பூன் என்று என்னைக் கேட்டார். நான் எண்ண மறந்துபோயிருந்தேன்.

மீதிக் கஞ்சியை எல்லாப் பிள்ளைகளும் குடித்தார்கள். புறப்படும்போது அத்தை பாட்டிலைக் கழுவிக் கொடுத்து, "அடுத்த புள்ளைக்கு உங்கூட்டு அடுப்பு. மெழுவி வெச்சிக்க," என்றார். குவார்ட்டர்ஸில் கேஸ் அடுப்புதான் என்றேன். அப்ப தொடச்சி வை என்றார்.

அதை விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் மூன்று வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இடையில் நாத்தனாருக்குக் கல்யாணம் நடந்து, ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது அத்தை போன் செய்து, அடுப்பு தயாரா என்று கேட்டார். அவனுக்கு ஆறு மாதம் முடிந்த ஞாயிறு மதியம், பதினாலு வீடும் நடந்து முடித்த கூட்டம் ஐந்து ஷேர் ஆட்டோவில் எங்கள் பிளாக்குக்கு வந்து இறங்கியது. கடைசி ஆட்டோவில் மடியில் பானையை வைத்துக்கொண்டு அத்தை. பதினாலாவது வீட்டுக்காரர் பதினஞ்சாவது வீட்டில் ஒப்படைக்க வந்திருந்தார். பெரியவர் இறங்கியதும் குவார்ட்டர்ஸ் கதவு எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டு, நிமிர்ந்தே உள்ளே வந்தார்.

நான் முந்தின வாரம் முழுக்கத் தூங்கவில்லை. அடுப்பை மூன்று முறை துடைத்தேன். எத்தனை தம்ளர் வேண்டும், குழந்தைகள் எங்கே உட்காருவது, முறத்தில் கல் பொறுக்கியது போதுமா என்று ஒவ்வொன்றாகக் கணவரைக் கேட்டுக் கேட்டதில், அவர் ஓவர்டைம் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். சிலிண்டரைப் பார்க்க மட்டும் மறந்துவிட்டேன்.

என் பிடி அரிசியைப் போட்டேன். என் வரியையும் சொன்னேன். நாங்கள் எப்படி வந்தோம் என்று சொல்ல எனக்கு வெள்ளமும் இல்லை, அச்சு முறியவும் இல்லை. கல்யாணம் ஆகி வந்தேன், பயந்துகொண்டு ஒரு பாட்டில் கொண்டுவந்தேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பானை பாதி கொதித்துக்கொண்டிருந்தபோது நீல ஜுவாலை சுருங்கி, மஞ்சளாகி, அணைந்தது.

நாத்தனார் மடியில் அவள் மகன் பசியில் சிணுங்க ஆரம்பித்தான். நான் சிலிண்டரைப் பிடித்து ஆட்டினேன். அதில் என்ன வரும்? கண்ணில் நீர் வந்துவிட்டது.

எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த பெண் திருநெல்வேலிப் பக்கம். ஏதோ விசேஷம் என்று காலையிலிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், வாசலில் வந்து நின்றார். "என்னக்கா, கேஸ் தீந்துட்டா? எங்க அடுப்புல வச்சுக்கிடலாம், கொண்டாங்க," என்றார். இரண்டு பேர் பானையின் காதைப் பிடித்துத் தெருவைக் கடந்தார்கள். பின்னால் ஊர் முழுக்கக் கடந்தது. நான் துணியையும் மத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே பானை கொதிக்க வைக்கப்பட்டதும் அந்தப் பெண் இது என்ன சடங்கு என்று கேட்டார். நாத்தனார் கதவைத் தூக்கி வந்தவரிலிருந்து ஆரம்பித்து வரிசை மாற்றி மாற்றிச் சொன்னாள், மற்றவர்கள் திருத்தினார்கள். அவர் உள்ளே போய் ஒரு பிடி அரிசியோடு வந்தார். "எங்களயும் சேத்துக்கிடுங்க. நாங்களும் எங்கேருந்தோ வந்தவங்கதான."

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். கடைசி வீடு இப்போது நான்தான். சொல்ல வேண்டியதும் நான்தான். நான் ஒரு வாரமாகத் துடைத்த அடுப்பு என் வீட்டில் அணைந்து கிடந்தது. கொஞ்சம் வருத்தம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். போடுங்க என்றேன். அரிசி விழுந்தது. அவரே வடிகட்டினார், அவரே ஊட்டினார். நாத்தனாரின் மகன் முதல் வாயையே விழுங்கிவிட்டான்; என் மகளைப் போல் அவன் யோசிக்கவில்லை.

ஆட்டோக்கள் கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் என்னைத் தனியே இழுத்து, அடுத்த பிள்ளை வந்தால் தன் வீட்டில்தான் என்கிறார்களே, எந்த அரிசி எவ்வளவு நேரம் வேகும், ஏதாவது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று மெல்லிய குரலில் கேட்டார். இரண்டு முறை வடிகட்டினால் ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். சிலிண்டரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

கடைசி ஆட்டோவிலிருந்து அத்தை தலையை நீட்டினார்.

"எத்தினி ஆச்சி?"

என் மகள்தான் முந்திக்கொண்டாள். அவளுக்கு அப்போது வரிசையாகப் பத்துவரைதான் எண்ணத் தெரியும். அதற்கு மேல் காதில் விழுந்திருந்த எண்களையெல்லாம் கத்தினாள். அதில் பதினாறும் இருந்தது.